இலியா மெச்னிகோவ்

இலியா இலியிச் மெச்னிகோவ் (மே 15, 1845 – ஜூலை 15, 1916) ரஷ்யப் பேரரசில் பிறந்து, பிரான்சில் பணியாற்றி மறைந்த விலங்கியலாளர். நோயெதிர்ப்பியலின் முன்னோடிகளுள் ஒருவர். உடலினுள் புகும் நோய்க்கிருமிகளை இரத்த வெள்ளையணுக்கள் விழுங்கி, தம்முள் இருக்கும் நொதிகளால் செரித்துவிடுகின்றன என்னும் கொள்கையை முன்வைத்து நிறுவியவர் இவர். அழற்சி (காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பது) என்பது நோயின் கேடு அன்று, அது உடலின் தற்காப்புச் செயல் என்றும் இவர் விளக்கினார். 1908 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கும் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மெச்னிகோவ் மருத்துவர் அல்லர். மருத்துவக் கல்வி பயின்றவரும் அல்லர். கடற்பஞ்சு, தட்டைப்புழு, உடுமீன் போன்ற எளிய உயிரினங்கள் உணவை எவ்வாறு செரிக்கின்றன என்று ஆராய்ந்தவர். அந்தச் செரிமானமே உயர் விலங்குகளில் நோய்த் தடுப்பாகத் தொடர்கிறது என்பதே இவரது வாழ்நாள் ஆய்வின் மையக் கருத்தாகும்.

பிறப்பும் இளமையும்

மெச்னிகோவ் அன்றைய ரஷ்யப் பேரரசின் கார்கோவ் நகருக்கு அருகிலுள்ள இவானோவ்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. தந்தை இலியா இவானோவிச் பேரரசரின் காவற்படையில் அதிகாரியாக இருந்தவர். தாய் எமிலியா, யூத எழுத்தாளர் லெவ் நெவாகோவிச்சின் மகள். ஐந்து பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. அண்ணன்மாருள் ஒருவரான லெவ் பிற்காலத்தில் புவியியலாளராகப் பெயர் பெற்றார். மற்றோர் அண்ணனான இவான் நீதித்துறையில் பணியாற்றியவர். 1881 ஆம் ஆண்டில் நேர்ந்த அவரது மரணமே லியோ டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் குறுநாவலுக்குத் தூண்டுதலாக அமைந்தது.

சிறு வயதிலேயே செடிகொடிகளிலும் பூச்சிகளிலும் இவருக்கு நாட்டம் இருந்தது. அந்த நாட்டத்தைத் தாயார் ஊக்குவித்தார். மருத்துவம் படிக்க மகன் விரும்பியபோது, பிறர் துன்பத்தைத் தாங்க முடியாத மென்மையான மனத்தினன் என்று கருதி, இயற்கை அறிவியலைப் படிக்கச் சொன்னவரும் அவரே.

கல்வி

கார்கோவ் பல்கலைக்கழகத்தில் 1862 ஆம் ஆண்டு சேர்ந்த மெச்னிகோவ், நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். 1864 ஆம் ஆண்டில் ஜெர்மனி சென்று வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவில் கடல் உயிரினங்களை ஆராய்ந்தார். பின்னர் கீசென் நகரில் ருடால்ஃப் லூக்கார்ட்டிடம் பயிற்சி பெற்றார். உருளைப்புழுக்களைப் பற்றித் தாம் கண்டறிந்த ஒன்றை லூக்கார்ட் தமக்கு உரிய இடம் தராமல் வெளியிட்டுவிட்டார் என்று மனம் கசந்து அவரை விட்டு விலகினார்.

கீசென் நாட்களில், 1865 ஆம் ஆண்டில், தட்டைப்புழு ஒன்றில் ஒரு செய்தியைக் கவனித்தார். நம் உடலில் உணவு குடலின் குழிவுக்குள் கிடக்க, நொதிகள் அங்கே சுரந்து அதைச் செரிக்கின்றன. அந்தப் புழுவிலோ, குடற்சுவரின் உயிரணுக்களே உணவுத் துணுக்குகளை உள்ளே இழுத்துக்கொண்டு தமக்குள் வைத்துச் செரித்தன. அமீபா உண்பதும் இம்முறையில்தான். உயிரணுவின் உள்ளே நிகழும் இச்செரிமானம் அப்போது விலங்கியலின் ஒரு சிறு செய்தியாக மட்டுமே இருந்தது. அதன் பொருள் இவருக்குப் புலப்படப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

நேப்பிள்ஸ் நகரில் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கியுடன் சேர்ந்து முதுகெலும்பற்ற விலங்குகளின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். அதற்காக 1867 ஆம் ஆண்டில் இருவருக்கும் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் பெயரிலான பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் சென் பீட்டர்ஸ்பர்க்கில் பட்ட ஆய்வை முடித்தார். 1870 ஆம் ஆண்டில் ஒடெசா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியரானார்.

ஒடெசா வாழ்க்கையும் துயரங்களும்

1869 ஆம் ஆண்டில் மெச்னிகோவ் லுட்மிலா என்பவரை மணந்தார். மணப்பெண் காசநோயால் மிகவும் தளர்ந்திருந்ததால், அவரை நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். மனைவியைப் பிழைக்க வைக்க மெச்னிகோவ் நான்கு ஆண்டுகள் போராடினார். வெப்பமான இடம் நலம் தரும் என்ற நம்பிக்கையில் அத்திலாந்திக் பெருங்கடலில் உள்ள மதீரா தீவுக்கும் அழைத்துச் சென்றார். 1873 ஆம் ஆண்டில் லுட்மிலா அங்கேயே இறந்தார். கண்பார்வைக் கோளாறும் சேர்ந்து வாட்டிய அந்நாட்களில், மெச்னிகோவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார்.

1875 ஆம் ஆண்டில் தம் மாணவியான ஒல்காவை மணந்தார். ஒல்கா பிற்காலத்தில் கணவரின் ஆய்வுகளுக்குத் துணை நின்றதோடு, அவரது வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். சில ஆண்டுகளில் ஒல்காவுக்குக் கடுமையான டைபாய்டு காய்ச்சல் வந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். 1881 ஆம் ஆண்டில் மெச்னிகோவ், மீண்டும் மீண்டும் வரும் ஒருவகைக் காய்ச்சல் கண்ட நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். அந்நோய் இரத்தத்தின் வழியாகத் தொற்றுமா என்று அறிவதே நோக்கம் என்று கூறினாலும், மனச்சோர்வும் அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அவர் கடுமையாக நோயுற்று மீண்டார்.

அதே ஆண்டில் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்து, ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் அரசின் கெடுபிடி மிகுந்தது. 1882 ஆம் ஆண்டில் மெச்னிகோவ் பதவி விலகி, குடும்பத்துடன் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் குடியேறினார்.

மெசினா: முள் குத்திய சோதனை

மெசினாவில் கடற்கரையை ஒட்டிய வீட்டின் அறை ஒன்றே ஆய்வுக்கூடமாயிற்று. 1882 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் குடும்பத்தினர் அனைவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட்டனர். தனியே இருந்த மெச்னிகோவ், உடுமீன் (நட்சத்திர மீன்) ஒன்றின் இளவுயிரியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடலைக் கொண்டது. அதன் உள்ளே சில உயிரணுக்கள் அமீபாவைப் போல ஊர்ந்து திரிந்தன.

இவ்வாறு ஊரும் அணுக்கள் உணவைச் செரிப்பதை மெச்னிகோவ் முன்பே பார்த்திருந்தார். உணவுக்குப் பதிலாக உடலுக்குக் கேடு செய்யும் பொருள் ஒன்று உள்ளே நுழைந்தால் அதையும் இவை சூழ்ந்துகொள்ள வேண்டுமே என்ற எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றியது. அவ்வாறாயின், மனிதன் விரலில் சிராய் ஏறினால் அவ்விடத்தில் சீழ் திரள்வதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். சீழில் நிறைந்திருப்பவை வெள்ளையணுக்களே என்பது அப்போதே அறியப்பட்ட செய்தி.

வீட்டுத் தோட்டத்து ரோஜா முட்கள் சிலவற்றைப் பறித்து வந்து இளவுயிரிகளின் மெல்லிய தோலுக்குள் செருகினார். இரவு முழுதும் அவருக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் விடியலில் பார்த்தபோது, ஊரும் அணுக்கள் முள்ளைச் சுற்றித் திரண்டு நின்றன. உடுமீன் இளவுயிரிக்கு இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்பு மண்டலம் என்று சொல்லத்தக்கதும் இல்லை. ஆகவே அழற்சியின் முதன்மை நிகழ்வு இரத்தக் குழாயின் மாற்றம் அன்று, அணுக்களின் திரட்சியே என்று முடிவு செய்தார்.

1883 ஆம் ஆண்டில் மெசினாவுக்கு வந்த புகழ்பெற்ற நோயியலாளர் ருடால்ஃப் விர்க்கோ இச்சோதனையைப் பார்த்து ஊக்கம் அளித்தார். அதே வேளையில், எச்சரிக்கையாக இருக்கும்படியும் கூறினார். ஊர் திரும்பும் வழியில் வியன்னாவில் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளாஸைச் சந்தித்தபோது, விழுங்கும் அணு என்று பொருள்படும் ஃபேகோசைட் என்னும் கிரேக்கச் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். தமிழில் இதனை விழுங்கணு எனலாம்.

அக்கால மருத்துவர்களின் கருத்து

சீழில் உள்ள வெள்ளையணுக்களுக்குள் பாக்டீரியாக்கள் காணப்படுவதை மெச்னிகோவுக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். ஆனால் அவர்கள் அதற்குக் கொடுத்த விளக்கம் நேர்மாறானது. பாக்டீரியாக்கள் வெள்ளையணுக்களுக்குள் புகுந்து வளர்கின்றன என்றும், அந்த அணுக்களே அவற்றை உடலெங்கும் சுமந்து பரப்புகின்றன என்றும் பலர் நம்பினர். அழற்சியை அடக்க வேண்டிய கேடாகவே மருத்துவ நூல்கள் விவரித்தன.

எல்லோரும் பார்த்தது ஒரே காட்சிதான்: அணுவின் உள்ளே பாக்டீரியா. அங்கே உண்பது எது, உண்ணப்படுவது எது என்பதே கேள்வி. இதற்கு விடை காண, அணுக்குள் போன கிருமிக்கு என்ன ஆகிறது என்பதை உயிருள்ள விலங்கிலேயே தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

நீர்த்தெள்ளு ஆய்வு

இதற்குக் குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு (டாஃப்னியா) பயன்பட்டது. ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள இவ்வுயிரியின் உடலும் ஒளி ஊடுருவக்கூடியது. இதனைத் தாக்கும் ஈஸ்ட் வகைக் காளான் ஒன்றின் வித்துகள் ஊசி போன்றவை. நீர்த்தெள்ளு அவற்றை உணவோடு விழுங்கினால், அவை குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அவ்வாறு நுழைந்த வித்துகளை அணுக்கள் சூழ்வதையும், வித்துகள் மெல்ல மெல்ல உருவிழந்து சிதைவதையும் மெச்னிகோவ் மணிக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார். வித்துகள் குறைவாக இருந்தபோது அணுக்கள் வென்றன, நீர்த்தெள்ளு பிழைத்தது. வித்துகள் மிகுதியாகி முளைத்துவிட்டபோது காளான் வென்றது, நீர்த்தெள்ளு மாண்டது. 1884 ஆம் ஆண்டில் வெளியான இக்கட்டுரை, தொற்றுநோய் என்பது இரண்டு உயிரினங்களுக்கு இடையிலான போராட்டம் என்பதைக் கண்முன் காட்டியது. அந்த ஈஸ்ட் இனம் இன்று மெச்னிகோவின் பெயரால் மெச்னிகோவியா என்றே வழங்கப்படுகிறது.

அடுத்து அடைப்பான் நோயின் (ஆந்த்ராக்ஸ்) பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார். வீரியம் குறைக்கப்பட்ட பாக்டீரியாக்களை வெள்ளையணுக்கள் எளிதில் விழுங்கின; வீரியம் மிக்கவற்றை அவ்வாறு விழுங்கவில்லை. தடுப்பூசி இடப்பட்ட விலங்கிலோ, வீரியம் மிக்கவற்றையும் விழுங்கின. தடுப்பூசியால் வரும் எதிர்ப்பாற்றலிலும் விழுங்கணுக்களுக்குப் பங்குண்டு என்று இவர் கருத இதுவே அடிப்படையாயிற்று.

ஒடெசாவிலிருந்து பாரிசுக்கு

லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டதை அடுத்து, 1886 ஆம் ஆண்டில் ஒடெசாவில் ரஷ்யாவின் முதல் நுண்ணுயிர் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. அதன் தலைவராக மெச்னிகோவ் பொறுப்பேற்றார். நிக்கோலாய் கமலேயா துணை நின்றார். மருத்துவப் பட்டம் இல்லாதவர் மருத்துவ நிலையத்தை நடத்துவதா என்று உள்ளூர் மருத்துவர்கள் எதிர்த்தனர். அந்நிலையம் தயாரித்த அடைப்பான் தடுப்பு மருந்தைச் செலுத்திய ஆடுகள் ஆயிரக்கணக்கில் இறந்தது அந்த எதிர்ப்பை வலுப்படுத்தியது.

வேறிடம் தேடிய மெச்னிகோவ் பெர்லின் சென்று ராபர்ட் கோக்கைச் சந்தித்தார். கோக் இவருடைய நுண்ணோக்கித் தகடுகளைப் பார்த்தும் ஆர்வம் காட்டவில்லை. பாரிசில் பாஸ்டர் அன்புடன் வரவேற்று, புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தம் நிறுவனத்தில் ஆய்வுக்கூடம் ஒன்றை அளித்தார். 1888 ஆம் ஆண்டில் அங்குச் சேர்ந்த மெச்னிகோவ், இறக்கும் வரை 28 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். 1904 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் துணை இயக்குநர் ஆனார்.

அழற்சி பற்றிய கொள்கை

1891 ஆம் ஆண்டில் பாஸ்டர் நிறுவனத்தில் அழற்சியைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை மறு ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஓரணு உயிரி, கடற்பஞ்சு, புழு, உடுமீன், பூச்சி, தவளை, பாலூட்டி என்று உயிரினங்களின் ஏணியில் படிப்படியாக ஏறி, ஒவ்வொன்றிலும் காயத்துக்கு உடல் எவ்வாறு எதிர்வினை செய்கிறது என்று அதில் ஒப்பிட்டுக் காட்டினார்.

ஓரணு உயிரியில் உண்பதும் எதிரியை அழிப்பதும் ஒரே செயல். கடற்பஞ்சில் ஒரே வகை அணுக்கள் இரண்டையும் செய்கின்றன. குடல் தனி உறுப்பாக வளர்ந்த விலங்குகளில் உணவைச் செரிக்கும் வேலை குடலுக்குப் போய்விட்டது. ஆனால் செரிக்கும் திறனைக் கைவிடாத அணுக்கள் உடலுக்குள் திரிந்துகொண்டே இருக்கின்றன. இறந்த அணுக்களை அகற்றுவதும், நுழைந்த கிருமிகளை அழிப்பதும் அவற்றின் வேலையாயின. இரத்தக் குழாய்கள் உள்ள விலங்குகளில், அந்த அணுக்கள் காயம்பட்ட இடத்தை விரைந்து அடைவதற்காகக் குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் அவ்விடம் சிவந்து சூடேறுகிறது என்று மெச்னிகோவ் விளக்கினார்.

இவ்வணுக்களைச் சிறியவை, பெரியவை என்று இரண்டாகப் பிரித்தார். சிறியவை இன்று நியூட்ரோபில் எனப்படுகின்றன. பாக்டீரியாக்களை எதிர்க்க முதலில் வந்து சேர்பவை இவை. பெரியவற்றுக்கு இவர் இட்ட மேக்ரோஃபேஜ் (பெருவிழுங்கணு) என்னும் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

அணுவா, நீர்மமா?

இக்கொள்கைக்கு ஜெர்மானிய ஆய்வாளர்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அணுக்கள் அகற்றப்பட்ட இரத்த நீர்மமே (சீரம்) பாக்டீரியாக்களைக் கொல்வதை அவர்கள் காட்டினர். 1890 ஆம் ஆண்டில் எமில் பேரிங்கும் கித்தசாத்தோ ஷிபாசபுரோவும் சீரத்தில் நச்சுமுறிப் பொருள் இருப்பதைக் கண்டறிந்தனர். 1894 ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஃபைஃபர், எதிர்ப்பாற்றல் பெற்ற கினியா எலியின் வயிற்றறைக்குள் செலுத்தப்பட்ட காலராக் கிருமிகள் எந்த அணுவுக்குள்ளும் போகாமலே கரைந்துவிடுவதைக் காட்டினார். விழுங்கணுக்கள் செத்த கிருமிகளை அள்ளும் துப்புரவாளர்கள் மட்டுமே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது.

மெச்னிகோவின் விடை நொதிகளைப் பற்றியதாக இருந்தது. வெள்ளையணுக்களுக்குள் செரிக்கும் நொதிகள் உள்ளன. அவற்றுக்கு அவர் சைட்டேஸ் என்று பெயரிட்டார். சிறிய விழுங்கணுக்களின் சைட்டேஸ் பாக்டீரியாக்களையும், பெரியவற்றின் சைட்டேஸ் விலங்கு அணுக்களையும் சிதைக்கிறது என்றார். சீரத்தில் காணப்படும் கொல்லும் ஆற்றலும், உடைந்த வெள்ளையணுக்களிலிருந்து கசிந்த சைட்டேஸே என்று கூறினார். விழுங்கிய துகள்களைச் சுற்றி அணுவுக்குள் அமிலத் தன்மை உண்டாவதையும் அறிந்திருந்தார். ஓரணு உயிரிகளுக்கு நீல லிட்மஸ் துகள்களை ஊட்டியபோது, அவை உள்ளே சென்றதும் சிவப்பாக மாறின.

இவ்விளக்கத்தில் ஒரு பாதி சரி, மறு பாதி தவறு. வெள்ளையணுக்களுக்குள் கிருமிகளைச் சிதைக்கும் நொதிகள் இருப்பது உண்மை. ஆனால் சீரத்தின் ஆற்றல் அவற்றின் கசிவு அன்று. அது எதிர்ப்பொருள்களும் நிரப்புப் புரதங்களும் சேர்ந்து செய்யும் தனி வேலை. இதனை 1895 ஆம் ஆண்டில் தெளிவாக்கியவர் ஜூல் போர்டே. அவர் மெச்னிகோவின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றிய இளைஞர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் ஆசிரியரின் கருத்துக்கு எதிரான முடிவை அவ்வாய்வுக்கூடத்திலிருந்தே வெளியிட்ட போர்டே, 1919 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

1903 ஆம் ஆண்டில் இலண்டனில் ஆல்ம்ரோத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளசும் இரு தரப்பையும் இணைத்தனர். சீரத்தில் உள்ள சில பொருள்கள் பாக்டீரியாவின் மேல் படிந்து, வெள்ளையணுக்கள் அதனை எளிதில் விழுங்கும்படி செய்கின்றன என்று அவர்கள் காட்டினர். நீர்மமும் அணுவும் ஒன்றுக்கொன்று துணை என்பது இதனால் விளங்கியது. 1908 ஆம் ஆண்டின் நோபல் பரிசு, அணுக் கொள்கையின் தலைவரான மெச்னிகோவுக்கும் நீர்மக் கொள்கையின் தலைவரான எர்லிக்குக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது பொருத்தமானதே.

பிற ஆய்வுகள்

காலரா எவ்வாறு உண்டாகிறது என்று அறிய, அந்நோய்க் கிருமிகளைத் தாமே குடித்துப் பார்த்தார். 1903 ஆம் ஆண்டில் எமில் ரூவுடன் சேர்ந்து சிபிலிஸ் என்னும் மேகநோயை மனிதக் குரங்குக்குத் தொற்றச் செய்து, அந்நோயைச் சோதனை முறையில் ஆராய வழி திறந்தார். 1911 ஆம் ஆண்டில் காசநோய் பற்றி ஆராய ரஷ்யாவின் கல்மிக் புல்வெளிகளுக்குப் பயணம் செய்தார்.

பிற்காலத்தில் இவரது கவனம் முதுமையின் பக்கம் திரும்பியது. முதுமையியலைக் குறிக்கும் ஜெரன்டாலஜி என்னும் சொல்லை 1903 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் இவரே. பெருங்குடலில் வாழும் அழுகல் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள்களே முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், புளித்த பாலில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அவற்றைத் தடுக்கும் என்றும் கருதினார். பல்கேரிய உழவர்கள் தயிர் உண்டு நெடுநாள் வாழ்வதாகக் கூறப்பட்டது இதற்குத் தூண்டுதலாயிற்று. இவரது எழுத்துகளால் ஐரோப்பிய நகரங்களில் தயிர் உண்ணும் வழக்கம் பரவியது. தயிரும் மோரும் அன்றாட உணவாகிய தமிழருக்கு இது வியப்பூட்டலாம். குடல் நச்சால் முதுமை வருகிறது என்ற கொள்கை பின்னாளில் நிலைபெறவில்லை. எனினும், நன்மை செய்யும் பாக்டீரியாக்களை உணவில் சேர்க்கலாம் என்ற எண்ணத்துக்கு இவரே முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

இந்தியாவுடனான தொடர்பு

மெச்னிகோவ் இந்தியா வந்ததில்லை. அவரது மாணவர் வால்டெமர் ஹாஃப்கின் வந்தார். ஒடெசாவில் மெச்னிகோவிடம் விலங்கியல் பயின்ற ஹாஃப்கின், ஆசிரியரைப் பின்தொடர்ந்து பாஸ்டர் நிறுவனத்தில் முதலில் நூலகப் பணியில் சேர்ந்தார். 1892 ஆம் ஆண்டில் காலராத் தடுப்பூசியை உருவாக்கி முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். 1893 ஆம் ஆண்டில் கல்கத்தா வந்து அதனைப் பரப்பினார். 1896 ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் பரவியபோது அங்குச் சென்று, 1897 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதற்கும் தடுப்பூசி உருவாக்கினார். அவர் அமைத்த ஆய்வுக்கூடம் 1925 ஆம் ஆண்டு முதல் ஹாஃப்கின் நிறுவனம் என்று வழங்கப்படுகிறது.

மெச்னிகோவின் ஆய்வுப் பொருள்கள் தமிழகத்துக்கும் புதியவை அல்ல. கடலூர், பறங்கிப்பேட்டைக் கடற்கரையில் மீன் வலைகளில் உடுமீன்களும் சிக்குவதுண்டு. பறங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. மெசினாவின் வீட்டு ஆய்வுக்கூடத்தைப் போலவே, கடல் உயிரினங்களை அவை வாழும் இடத்துக்கு அருகிலேயே ஆராய அமைந்த இடம் அது. நீர்த்தெள்ளு நன்னீர்க் குளங்களில் கிடைப்பது. பள்ளி நுண்ணோக்கியிலேயே அதன் உள்ளுறுப்புகள் இயங்குவதைக் காண முடியும்.

மறைவு

முதல் உலகப் போரில் ஆய்வுக்கூடத்தின் இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டது மெச்னிகோவை மிகவும் பாதித்தது. இதய நோயால் நலிந்த அவர், 1916 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் நாள் பாரிசில் 71 ஆம் வயதில் மறைந்தார். இவரது சாம்பல் அடங்கிய தாழி பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

மெச்னிகோவுக்குப் பின்

சைட்டேஸ் என்னும் பெயர் மறைந்துவிட்டது. ஆனால் அப்பெயரால் அவர் குறிக்க முயன்ற பொருள்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன.

- லைசோசைம்: 1922 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதனை அறிவித்தார். கண்ணீர், உமிழ்நீர், வெள்ளையணு ஆகியவற்றில் உள்ள இந்நொதி, பாக்டீரியாவின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலியை வெட்டுகிறது. சுவர் வலுவிழந்த பாக்டீரியா வெடித்துவிடும்.
- மைலோபெராக்சிடேஸ்: 1941 ஆம் ஆண்டில் ஸ்வீடனில் பிரித்தெடுக்கப்பட்ட பச்சை நிற நொதி. சீழின் பசுமை கலந்த நிறத்துக்கு இதுவே காரணம்.
- லைசோசோம்: அமில வகை நொதிகளை அடைத்து வைத்திருக்கும் உயிரணுப் பை. 1955 ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டி டூவ் இதற்குப் பெயரிட்டார்.

1960 ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹிர்ஷும் சான்வில் கோனும், நியூட்ரோபில் ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும் அதன் நொதித் துகள்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்தனர். துகள்கள் பாக்டீரியா அடைபட்டுள்ள பையோடு இணைந்து, தம் நொதிகளை அதற்குள் கொட்டிவிடுகின்றன. அதே வேளையில் அணு மிகுந்த ஆக்சிசனை உட்கொண்டு, பையின் சுவரில் உள்ள நொதி ஒன்றால் அதனைச் சூப்பர் ஆக்சைடாக மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. மைலோபெராக்சிடேஸ் அதனைக் குளோரைடுடன் வினைபுரியச் செய்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உருவாக்குகிறது. குடிநீரைத் தூய்மையாக்கப் பிளீச்சிங் பவுடரைக் கரைக்கும்போது கிருமிகளைக் கொல்வதும் இதே அமிலமே. எலாஸ்டேஸ், கத்தெப்சின் ஜி முதலிய புரதச் சிதைப்பு நொதிகளும் இவ்வேலையில் பங்கு கொள்கின்றன.

இந்த ஆக்சிசன் வினையைத் தொடங்கும் நொதி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகளின் வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கும்; ஆனால் சிலவகைக் கிருமிகளைக் கொல்ல முடியாமல் தவிக்கும். அக்குழந்தைகளுக்குக் கடும் தொற்றுகள் மீண்டும் மீண்டும் வரும். விழுங்குவது மட்டும் போதாது, அழிக்கவும் வேண்டும் என்பதற்கு இந்நோயே சான்று. மறுபுறம், இந்நொதிகள் அணுவுக்கு வெளியே மிகுதியாகச் சிந்தினால் உடலின் திசுக்களையே அரிக்கும். எலாஸ்டேஸைக் கட்டுப்படுத்தும் புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு நுரையீரல் சிதைவு ஏற்படுவது இதனால்தான். அழற்சி ஒரு தற்காப்பு என்ற மெச்னிகோவின் கருத்து சரியே. எனினும் அத்தற்காப்பு அளவு மீறினால் அதுவே நோயாகவும் மாறும் என்பதை இன்றைய மருத்துவம் சேர்த்துச் சொல்கிறது.

சில கிருமிகள் இந்த நொதிகளிடமிருந்து தப்பவும் வல்லவை. காசநோய்க் கிருமி பெருவிழுங்கணுவால் விழுங்கப்படுகிறது. ஆனால் தன்னை அடைத்துள்ள பையோடு லைசோசோம் இணையாதபடி தடுத்து, அந்த அணுவுக்குள்ளேயே பல்லாண்டுகள் வாழ்கிறது. அணுவுக்குள் பாக்டீரியா வாழ்கிறது என்று மெச்னிகோவின் எதிர்ப்பாளர்கள் கூறியது இந்த ஒரு வகையில் மெய்யாகிறது. 1873 ஆம் ஆண்டில் மதீராவில் அவரது முதல் மனைவியின் உயிரைப் பறித்ததும் அந்நோயே.

படைப்புகள்

- அழற்சியின் ஒப்பீட்டு நோயியல் பற்றிய சொற்பொழிவுகள் (1892)
- தொற்றுநோய்களில் எதிர்ப்பாற்றல் (1901)
- மனிதனின் இயல்பு (1903)
- வாழ்நாள் நீட்டிப்பு (1907)